ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? எரிக்சன் தேடிய பதில்

அந்தப் பையனுக்குப் பொன்னிற முடி, நீலக் கண்கள், நல்ல உயரம். ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ நகரில் யூதக் குடும்பம் ஒன்றில் வளர்ந்தான். யூதர்களின் வழிபாட்டு இடத்துக்குப் போனால், அங்கிருந்த பிள்ளைகள் அவனை வேற்று ஆள் என்று கேலி செய்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போனால், யூதப் பையன் என்று ஒதுக்கினார்கள். வீட்டிலோ, அப்பாவின் முகச்சாடை கொஞ்சமும் இல்லாத பிள்ளை.

சாடை எப்படி இருக்கும்? தியோடர் ஹோம்பர்கர் என்ற அந்தக் குழந்தைகள் டாக்டர் அவனைப் பெற்றவர் இல்லையே. டென்மார்க்கைச் சேர்ந்த அம்மா கார்லா, கணவனைப் பிரிந்திருந்த காலத்தில் கருவுற்று, ஊரார் வாய்க்குப் பயந்து ஜெர்மனிக்கு வந்தவர். 1902 ஜூன் 15 அன்று பிராங்ஃபர்ட்டில் எரிக்கைப் பெற்றெடுத்தார். குழந்தைக்கு வைத்தியம் பார்த்த டாக்டரையே, மகனின் மூன்றாவது பிறந்த நாளன்று கல்யாணம் செய்துகொண்டார். 'இவர்தான் உன் அப்பா' என்று சொல்லியே பையனை வளர்த்தார்கள். அது உண்மை இல்லை என்பது அவனுக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. ஆனால் உண்மையான அப்பா யார்? அம்மா கடைசிவரை சொல்லவில்லை. 91 வயதுவரை வாழ்ந்து, 1994-ல் இறந்தபோதும் எரிக்குக்கு அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்திருக்கவில்லை.

'ஐடென்டிட்டி க்ரைசிஸ்', அதாவது அடையாள நெருக்கடி என்று இன்று கல்லூரி மாணவர்கள்கூடச் சாதாரணமாகப் பேசுகிறார்களே, அந்தச் சொல்லை உலகத்தின் நாவில் ஏற்றியவர் இந்தப் பையன்தான். பின்னாளில் எரிக் எரிக்சன். மனநலத் துறையில் பெரும் பெயர். பட்டப்படிப்பு எதுவும் முடிக்காமலே ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனவர்.

இளம் வயதில் அவர் மனநலம் பக்கமே போகவில்லை. டாக்டர் ஆகச் சொன்னார் வளர்ப்புத் தந்தை. இவரோ ஓவியம் வரைகிறேன் என்று மூட்டை கட்டிக்கொண்டு, தெற்கு ஜெர்மனியிலும் இத்தாலியிலும் சுற்றினார். ஓவியமும் கைகூடவில்லை. 25 வயதை நெருங்கும்போது ஊர் திரும்பி, அடுத்து என்ன என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். பிள்ளை 'செட்டில்' ஆகவில்லையே என்று கவலைப்படும் எந்த வீட்டிலும் இவரை ஓர் எச்சரிக்கையாகக் காட்டியிருப்பார்கள்.

1927-ல் பள்ளித் தோழர் பீட்டர் பிளாஸ் வியன்னாவிலிருந்து அழைத்தார். அங்கே ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. அந்தப் பள்ளியை நடத்தியவர்களில் ஒருவர் அன்னா ஃப்ராய்டு. உளப்பகுப்பாய்வின் தந்தை என்று சொல்லப்படும் சிக்மண்ட் ஃப்ராய்டின் மகள். பிள்ளைகளோடு எரிக் பழகும் விதத்தைக் கவனித்த அன்னா, 'நீங்களும் குழந்தைகளுக்கான உளப்பகுப்பாய்வு கற்றுக்கொள்ளலாமே' என்றார். பயிற்சியின் முக்கியப் பகுதி, தன் மனதையே இன்னொருவர் முன்னால் திறந்து காட்டுவது. எரிக்கின் மனதைக் கேட்டறிந்தவரும் அன்னாதான்.

ஐந்து வயதோடு முடிந்ததா?

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று நம் ஊரில் கேட்பார்கள். சிக்மண்ட் ஃப்ராய்டின் கணக்கும் ஏறத்தாழ இதுதான். பால் குடிக்கும் பருவம், மலஜலம் அடக்கப் பழகும் பருவம், ஆண் பெண் வேறுபாட்டைக் கவனிக்கும் பருவம் என்று ஐந்தாறு வயதுக்குள் நடப்பவைதான் ஒருவரின் குணத்துக்கு அஸ்திவாரம் என்றார் அவர். பிறகு வருவதெல்லாம் அந்த அஸ்திவாரத்தின் மேல் எழும் சுவர்கள். உள்ளே அடக்கப்பட்ட ஆசைகளும் பயங்களும்தான் மனிதனை ஆட்டி வைக்கின்றன என்பது அவர் கட்சி.

ஃப்ராய்டோடு பழகியவர்களும், அவர் வழியில் வந்தவர்களும் இந்த இடத்தில்தான் ஒவ்வொருவராக முரண்பட்டார்கள். ஆல்ஃபிரட் அட்லர் 1911-லேயே பிரிந்து போனார். சின்ன வயதில் நோஞ்சான் பிள்ளையாக இருந்தவர் அவர். நிமோனியாவில் பிழைத்ததே பெரிய விஷயம். 'நான் குறைந்தவன்' என்ற எண்ணத்தைத் தாண்டி மேலே வரத் துடிக்கும் துடிப்பே மனிதனை உருவாக்குகிறது என்றார். தாழ்வு மனப்பான்மை என்று நாம் பேசுவது இவர் வழியாக வந்ததுதான். கரேன் ஹோர்னை இன்னும் ஒரு படி போனார். அன்பும் பாதுகாப்பும் கிடைக்காத குழந்தையின் மனதில் அடிப்படையான ஒரு பதற்றம் குடியேறுகிறது. அதைச் சமாளிக்க ஒருவர் எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிறார், ஒருவர் எல்லோரோடும் மோதுகிறார், இன்னொருவர் எல்லோரிடமிருந்தும் விலகிப் போகிறார் என்று விளக்கினார். சொந்தக்காரர்கள் நாலு பேரை நினைத்துப் பார்த்தால் மூன்று வகையும் கிடைத்துவிடும். இங்கிலாந்தில் குழந்தைகள் டாக்டராக இருந்த டொனால்ட் வின்னிகாட், பி.பி.சி. வானொலியில் தாய்மார்களோடு பேசியவர். குறையே இல்லாத அம்மா தேவையில்லை, போதுமான அளவுக்கு நல்ல அம்மா போதும் என்று அவர் சொன்னது எத்தனையோ பெண்களின் குற்ற உணர்ச்சியைக் குறைத்திருக்கும்.

இவர்கள் எல்லோருமே ஆசையிலிருந்து உறவுக்குக் கவனத்தைத் திருப்பினார்கள். ஆனாலும் பேச்சு பெரும்பாலும் குழந்தைப் பருவத்தைச் சுற்றியே இருந்தது. தொட்டில் முதல் கடைசி மூச்சுவரை ஒரே வரைபடமாகப் போட்டுப் பார்க்கத் துணிந்தவர் எரிக்சன்.

எரிக்கின் மகன் எரிக்

1930-ல் ஜோன் என்ற கனடா நாட்டு நடனப் பெண்ணை எரிக் மணந்தார். 1933-ல் ஹிட்லர் பதவிக்கு வந்ததும் வியன்னாவை விட்டு, டென்மார்க் வழியாக அமெரிக்கா போய்ச் சேர்ந்தது குடும்பம். 1939-ல் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தபோது எரிக் ஹோம்பர்கர் தன் பெயரை எரிக் எச். எரிக்சன் என்று மாற்றிக்கொண்டார்.

எரிக்சன் என்றால் எரிக்கின் மகன். அப்பா யாரென்று தெரியாதவர், தனக்குத் தானே அப்பாவாகிக்கொண்டார். வளர்த்தவரின் பெயர் நடுவே ஓர் எழுத்தாகச் சுருங்கிவிட்டது. இதை எல்லோரும் ரசிக்கவில்லை. 1975-ல் நியூயார்க் டைம்ஸில் புத்தக மதிப்புரை எழுதிய மார்ஷல் பெர்மன், அடையாளம் பற்றி உலகுக்குப் பாடம் நடத்துகிறவர் தன் யூத அடையாளத்தை மறைத்துவிட்டார் என்று கடுமையாகவே சாடினார்.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனை ஒன்றில், போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களை எரிக்சன் கவனித்தார். தங்கள் பெயரும் ஊரும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் போருக்கு முன்னால் இருந்த ஆளும் தானும் ஒரே ஆள்தான் என்ற உணர்வு கழன்று போயிருந்தது. அடையாள நெருக்கடி என்ற சொல்லை இவர்களுக்காகத்தான் முதலில் பயன்படுத்தியதாக எரிக்சன் எழுதியிருக்கிறார். இதே தவிப்பின் மென்மையான வடிவம் விடலைப் பருவத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் வருகிறது என்பது பிறகு அவருக்குப் பட்டது. உடம்பு மாறுகிறது, குரல் மாறுகிறது, வீட்டில் ஒரு பிள்ளை, நண்பர்களிடம் வேறு பிள்ளை. 'நான் யார்?' என்று கேட்டுத் தடுமாறுவது நோய் இல்லை, வளர்ச்சியின் ஒரு கட்டம் என்றார். அந்தக் கட்டத்தில் சமூகம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அவகாசம் தரவேண்டும் என்றும் சொன்னார். இத்தாலியில் அலைந்து திரிந்த அந்த இளைஞரை மனதில் வைத்துப் படித்தால், இதில் ஒரு சொந்த வாக்குமூலமும் கேட்கிறது.

காரில் கிடைத்த ஒரு பருவம்

எரிக்சனின் வரைபடத்தில் வாழ்க்கைக்கு எட்டுப் பருவங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் இழுபறி.

பிறந்த குழந்தைக்கு முதல் கேள்வி: இந்த உலகத்தை நம்பலாமா? அழுதால் யாராவது வருகிறார்களா, பசித்தால் பால் கிடைக்கிறதா, தூக்கும் கைகள் தினமும் அதே கைகளா என்பதிலிருந்து குழந்தை பதிலைக் கற்றுக்கொள்கிறது. அம்மா கண்ணுக்கு மறைந்தாலும் அலறாமல் இருக்க முடிவதே குழந்தையின் முதல் சமூகச் சாதனை என்பது எரிக்சனின் கருத்து. இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம்பிக்கை முழுதாக ஜெயிக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. கொஞ்சம் அவநம்பிக்கையும் தேவை. இல்லாவிட்டால் யார் கூப்பிட்டாலும் பின்னால் போய்விடும் பிள்ளையாகிவிடும். எந்தப் பக்கம் தராசு கொஞ்சம் கூடுதலாகச் சாய்கிறது என்பதுதான் கணக்கு.

பிறகு 'நானே செய்வேன்' என்று அடம்பிடிக்கும் வயது. அப்போது ஓயாமல் திட்டினால், சுயமாக இயங்கும் துணிவுக்குப் பதில் வெட்கம் வந்து ஒட்டிக்கொள்ளும். அடுத்து விளையாட்டும் கற்பனையுமாகத் தானே எதையும் தொடங்கிப் பார்க்கும் பருவம். பள்ளிப் பருவத்தில் ஒரு வேலையைக் கையாண்டு முடிக்கும் திறமை, அல்லது தாழ்வு எண்ணம். விடலைப் பருவத்தில் அடையாளம். இளமையில் இன்னொருவரோடு மனம் கலக்கும் நெருக்கம், அல்லது தனிமை.

இதற்கடுத்த பருவம் வரைபடத்துக்குள் வந்த கதையை ஜோன் எழுதி வைத்திருக்கிறார். 1940-களின் கடைசி. எரிக்சன் லாஸ் ஏஞ்சல்ஸில் மனநல நிபுணர்கள் முன்னால் தன் வரைபடத்தை விளக்கப் போகிறார். பெர்க்லி மலைப்பகுதியிலிருந்து ரயில் நிலையத்துக்குக் காரில் கிளம்புகிறார்கள். ஓட்டியவர் ஜோன். ஷேக்ஸ்பியர் சொன்ன மனித வாழ்வின் ஏழு கட்டங்களும் இவர்களுடைய ஏழு கட்டங்களும் ஒத்துப்போகின்றனவா என்று பேச்சு. திடீரென்று ஜோனுக்கு உறைத்தது. இளம் தம்பதியின் நெருக்கத்துக்குப் பிறகு, வரைபடம் நேராக முதுமைக்குத் தாவிவிட்டது. நடுவில் எதுவுமே இல்லை! பிள்ளைகளை வளர்த்துக்கொண்டு, வேலை பார்த்துக்கொண்டு, நாற்பதுகளில் இருக்கும் இவர்கள் இருவருக்கும் அதில் இடமே இல்லை. உலகத்துக்கே வாழ்க்கை வரைபடம் போட்டவர்கள் தங்களை விட்டுவிட்டார்கள்.

அப்படிச் சேர்ந்ததுதான் ஏழாவது பருவம். பெற்ற பிள்ளைகள், மாணவர்கள், ஊர், தொழில் என்று அடுத்து வருபவர்களுக்காகப் பாடுபடுவது ஒரு பக்கம். தன்னைச் சுற்றியே சுழன்று தேங்கிப் போவது மறு பக்கம். முதுமை எட்டாவது ஆனது. வாழ்ந்த வாழ்க்கையை அதன் குறைகளோடு ஏற்கும் நிறைவு, அல்லது 'இனி நேரமில்லையே' என்ற விரக்தி. இந்த வரைபடம் 1950-ல் வந்த 'சைல்ட்ஹுட் அண்ட் சொசைட்டி' நூல் மூலம் உலகப் புகழ் பெற்றது. நூலாக வந்த எழுத்தைத் திருத்திச் செம்மைப்படுத்தியதில் ஜோனின் பங்கு பெரிது. அட்டையில் இருந்தது ஒரு பெயர்தான்.

சொல்லப்படாத மகன்

நாற்பதுகளில் அந்த வீட்டில் இன்னொன்றும் நடந்திருந்தது. அதைப் பற்றி எரிக்சன் எழுதவில்லை.

கை, ஜான் என்று இரண்டு மகன்கள், சூ என்று ஒரு மகள். 1944-ல் நான்காவதாக நீல் பிறந்தான். டவுன் சிண்ட்ரோம். அதற்குக் காரணம் கூடுதலாக இருக்கும் ஒரு குரோமோசோம் என்பதே 1959-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. இப்படிப் பிறந்த குழந்தை அதிக நாள் இருக்காது, வீட்டுக்குக் கொண்டு போனால் குடும்பமே குலைந்துவிடும், உடனே ஒரு காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள் என்பது அன்றைய மருத்துவர்களின் வழக்கமான அறிவுரை. பிரசவ மயக்கத்திலிருந்து ஜோன் தெளிவதற்கு முன்பே, டாக்டர்களும் நண்பர்களும் சொன்னதைக் கேட்டு எரிக்சன் ஒப்புக்கொண்டார். மூத்தவனிடம் மட்டும் உண்மை சொல்லப்பட்டது. சின்னவர்கள் இருவரிடமும் குழந்தை பிறந்தவுடன் இறந்துவிட்டது என்று சொன்னார்கள்.

நீல் இறக்கவில்லை. காப்பகத்திலேயே இருபது வயதைத் தாண்டி வாழ்ந்தான். அவன் இறந்தபோது பெற்றோர் இத்தாலியில் இருந்தார்கள். ஊர் திரும்பவில்லை. அடக்கத்துக்கான ஏற்பாடுகளை, ஒரு காலத்தில் தம்பி பிறந்தவுடனே இறந்துவிட்டான் என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஜானும் சூவும் பார்த்துக்கொண்டார்கள்.

வெளியுலகுக்கு இது தெரியவந்தது எரிக்சன் இறந்த பிறகுதான். 1999-ல் லாரன்ஸ் ஃப்ரீட்மன் எழுதிய வாழ்க்கை வரலாறு இதை விரிவாகச் சொன்னது. 2005-ல் மகள் சூ தன் நினைவுகளை நூலாக எழுதினார். தன் பிறப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொன்ன பொய்யில் வாழ்நாள் முழுவதும் வெந்தவர், அதே போன்ற ஒரு பொய்யைத் தன் பிள்ளைகளிடம் சொன்னார். கைக்குழந்தைக்குத் தினமும் அதே கைகள் தூக்கும் நம்பிக்கை வேண்டும் என்று எழுதிய அதே ஆண்டுகளில், தன் கைக்குழந்தையை வேறு கைகளில் விட்டிருந்தார். ஒரு குழந்தை இயல்பாக வளர்வது என்றால் என்ன என்று படிப்படியாக அவர் வரைந்து பார்த்ததற்குப் பின்னால் நீலின் நிழல் உண்டு என்று ஃப்ரீட்மன் கருதுகிறார். அன்றைய காலம் அப்படி, டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள் என்பது உண்மை. அது பாதிப் பதில்தான்.

அகமதாபாத்தில் ஓர் ஏழாவது பருவம்

1962-ல் ஒரு கருத்தரங்கத்துக்காக எரிக்சன் அகமதாபாத் வந்தார். 1918-ல் அங்கே மில் தொழிலாளர்களுக்காகக் காந்தி நடத்திய போராட்டத்தின் கதை அவரைப் பிடித்துக்கொண்டது. பிளேக் நோய்க்குப் பயந்து தொழிலாளர்கள் ஊரை விட்டு ஓடாமலிருக்க முதலாளிகள் கொடுத்துவந்த படி நிறுத்தப்பட்டதில் தொடங்கிய சண்டை அது. 35 சதவீத உயர்வு கேட்டார்கள் தொழிலாளர்கள். 20-க்கு மேல் முடியாது என்றார்கள் முதலாளிகள். எதிர்த்தரப்பின் தலைவர் அம்பாலால் சாராபாய், காந்தியின் நண்பர். தொழிலாளர் பக்கம் நின்றவர் அம்பாலாலின் சொந்த அக்கா அனசூயா! தொழிலாளர்கள் சோர்ந்தபோது காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். மூன்றாம் நாள் சமரசம் வந்தது.

அப்போது காந்திக்கு வயது 48. ஒரு பெரிய மனிதரின் குழந்தைப் பருவத்தைத் தோண்டி விளக்கம் சொல்வது உளப்பகுப்பாய்வாளர்களின் வழக்கம். எரிக்சன் நடுவயதில் நடந்த ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டார். ஐம்பதை நெருங்கும் ஒருவர், ஒரு தேசத்துக்கே தகப்பனாகும் இடத்துக்கு எப்படி வந்து சேர்கிறார் என்று கேட்டார். 1969-ல் வெளிவந்த 'காந்தீஸ் ட்ரூத்' புலிட்சர் பரிசு பெற்றது.

அந்தப் புத்தகத்தின் நடுவில் விசித்திரமான ஒரு பகுதி உண்டு. ஆய்வை நிறுத்திவிட்டு, இறந்துபோன காந்திக்கு நேராகக் கடிதம் எழுதுகிறார் எரிக்சன். கஸ்தூர்பாவையும் ஆசிரமத்துப் பிள்ளைகளையும் நீங்கள் நடத்திய விதத்தில் ஒரு மறைமுக வன்முறை இருக்கிறது, உண்மையைப் பற்றிய உங்கள் பேச்சிலேயே ஏதோ உண்மையின்மை தெரிகிறது, இந்த நூலை மேலே எழுத முடியாது என்ற நிலைக்கே வந்துவிட்டேன் என்கிறார். லட்சக்கணக்கானவர்களைத் தன் பிள்ளைகளாக நினைத்தவர், பக்கத்தில் இருப்பவர்களிடம் ஏன் இவ்வளவு கடுமை என்பதுதான் அவருடைய கேள்வி. நீல் இறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. இதைப் படித்த வாசகர்களுக்கு அது தெரியாது.

அகமதாபாத்தில் அறுபதுகளில் எரிக்சனைச் சந்தித்து, பொறியியலும் பொருளாதாரமும் படித்த தன் பாதையையே மாற்றிக்கொண்டவர் சுதிர் கக்கார். ஹார்வர்டில் எரிக்சனுக்கு உதவியாளராக இருந்துவிட்டுத் திரும்பியவர், 1978-ல் 'தி இன்னர் வேர்ல்ட்' நூலில் இந்தியக் குழந்தையின் மனதை ஆராய்ந்தார். கூட்டுக் குடும்பமும், அம்மாவின் நீண்ட அரவணைப்பும் வேறொரு விதமான ஆளுமையை வளர்ப்பதாக அவர் சொன்னார். எரிக்சனின் வரைபடத்தை அப்படியே எல்லா ஊருக்கும் ஒட்டிவிட முடியாது என்பதற்கு அவருடைய சீடரே சாட்சி.

ஹார்வர்டில் எரிக்சனோடு பணியாற்றிய கரோல் கில்லிகன் வேறொரு ஓட்டையைக் காட்டினார். முதலில் 'நான் யார்' என்று தனியே முடிவு செய்து, பிறகு உறவுக்குள் நுழைவது ஆண்களின் வாழ்க்கையை வைத்துப் போட்ட வரிசை. பெண்களுக்கு அடையாளமும் நெருக்கமும் பின்னிப் பிணைந்தே வளர்கின்றன என்று 1982-ல் எழுதினார். இந்த வரிசையில் எதையும் ஆய்வுக்கூடத்தில் அளந்து நிரூபிப்பது கடினம் என்ற புகாரும் பழையது. எரிக்சனே தன் வரைபடத்தை இரும்புச் சட்டமாக நினைக்கவில்லை. ஒரு பருவத்தில் தவறியது பின்னொரு பருவத்தில் மறுபடி எழுந்து வரும், அப்போது வேறு விதமாக முடியலாம் என்பதுதான் அவருடைய வாதம். ஐம்பதில் வளையுமா என்றால், வலியோடு வளையும் என்று சொல்லியிருப்பார்.

எண்பது வயதில், 1982-ல் 'தி லைஃப் சைக்கிள் கம்ப்ளீட்டட்' என்ற சிறு நூலை அவர் வெளியிட்டார். வாழ்க்கைச் சுழற்சி முழுமையடைந்தது என்று பொருள். எரிக்சன் மறைந்த பிறகு ஜோன் அந்த நூலைத் திரும்ப எடுத்தார். தொண்ணூறைத் தாண்டிய வயதில் எட்டாவது பருவமே கடைசி என்று அவருக்குத் தோன்றவில்லை. எண்பதுகளில் எழுதிய நிறைவும் ஞானமும் தொண்ணூறுகளின் கண்ணுக்கும் காதுக்கும் முழங்காலுக்கும் பொருந்தவில்லை. ஒன்பதாவதாக ஒரு பருவத்தை எழுதிச் சேர்த்தார். அதில் ஒவ்வொரு ஜோடியையும் திருப்பிப் போட்டார்: முதலில் அவநம்பிக்கை, பிறகு நம்பிக்கை, முதலில் வெட்கம், பிறகு சுயமாக இயங்கும் துணிவு. தன் உடம்பையே நம்ப முடியாத வயதில், கைக்குழந்தையின் முதல் கேள்வி மறுபடியும் வருகிறது என்று எழுதினார்.

விரிவாக்கிய அந்தப் பதிப்பு 1997-ல் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில் ஜோன் காலமானார். இந்த முறை அட்டையில் அவர் பெயரும் இருந்தது.